சூடு தெரியாத கால்

புதுவயல். பங்குனி வெயில்.
அவித்த நெல் ஆவி அடங்காமல் கிடக்கிறது களத்தில்.
காலால்தான் கிளறுவோம்,
வலதால் ஒரு சால், இடதால் ஒரு சால்.
ஏழாவது நடையில்
இடது பாதத்துக்குச் சூடு தெரியவில்லை.

முதலில் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.
இருபது வருஷமாய் வெந்த கால்
ஒருவழியாய்ப் பழகிவிட்டது என்று.

பிறகு வந்தது வலி.
ரெண்டு பெற்றவள் நான்.
அந்த வலிக்கு ஒரு முடிவு உண்டு என்று
அப்போது தெரிந்திருந்தது.

லூர்துமேரி விளக்கெண்ணெய் தேய்த்தாள்.
கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்து
"நரம்பு சுருட்டிக்கிச்சு, தவிட்டு ஒத்தடம் குடுங்க" என்றார்.
ஒரு மணி நேரம் போனது அதில்.
கால் மெழுகு நிறத்துக்கு வந்தது.
கட்டைவிரலை ஆட்டு என்றாள்.
ஆட்டினேன்.
மனசு மட்டும்தான் ஆடியது.

காரைக்குடி ஆஸ்பத்திரியில்
நஸீமா என்று கோட்டில் எழுதியிருந்த டாக்டர் பொண்ணு
பேரைக் கேட்கவில்லை.
"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"
"ஏழாவது நடையில."
லூர்துமேரிதான் அதை மணியாக மாற்றினாள்.
11.15 என்று
என் முழங்காலுக்கு மேலேயே எழுதிவிட்டாள் டாக்டர்,
நீலப் பேனாவால்.

தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, கணுக்கால், புறங்கால்
எங்கெங்கோ விரல் வைத்துத் தேடினாள்.
பசை தடவி ஒரு குச்சியை ஒற்றினாள்.
வலது காலில் அரவை மிஷின் ஓடுகிற சத்தம்.
இடது காலில்
கரண்ட் போன மில்லு.

"நெஞ்சுல வால்வு சுருங்கியிருக்கு, தெரியுமா?"
தெரியும்.
"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை?"
மாசியிலிருந்து போடவில்லை.
மாசாமாசம் ரத்தம் பார்க்க ஒருநாள் கூலி போகும்,
அதைச் சொன்னேன்.
பல் விளக்கினால் ஈறு கசியும்,
அதையும் சொன்னேன்.
போடாத நாளெல்லாம் நன்றாகத்தான் இருந்தேன் என்பதை
சொல்லவில்லை.

நரம்பில் ஊசி போட்டாள்.
"இது கட்டியைக் கரைக்காது, வளரவிடாது.
எடுக்கிறது மதுரையில.
ஆறு மணி நேரம்தான் சதை தாங்கும்.
ரெண்டேகால் போயிருச்சு.
இனிமே ஒத்தடம் கூடாது, தேய்க்கக் கூடாது,
தூக்கி வைக்கவும் கூடாது."
பஞ்சு சுற்றிப் படுக்கவைத்தார்கள்.

ஆம்புலன்ஸில் என் பக்கத்தில் கிடந்தது கால்,
வேறு யாரோ ஊருக்குப் போகிறவள் மாதிரி.
குன்றக்குடி மலை ஜன்னலில் வந்து போனது.
திருப்பத்தூர் தாண்டி
மஞ்சள் கட்டிய கூட்டம் ஒன்று பூக்குழிக்கு நடந்தது,
அத்தனை பேரும் வெறுங்கால்.
சைரன் கேட்டு ஒதுங்கினார்கள்.
பவுன்ராஜ் என்கிற பையன் போனில்
"தியேட்டர் ரெடியா, தியேட்டர் ரெடியா" என்று
மேலூர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான்.

முழு மயக்கம் இந்த நெஞ்சு தாங்காதாம்.
இடுக்கில் மட்டும் மரப்பு ஊசி.
பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவர்கள்.
மெல்லிசான குழாய் ஒன்று அடைப்பைத் தாண்டிப் போகுமாம்,
நுனியில் சின்ன பலூன் ஊதுமாம்,
அப்படியே இழுப்பார்களாம்.
"வந்துருச்சு" என்றார் சர்ஜன்.
கொஞ்சம் பொறுத்து, "இன்னும் இருக்கு."
மறுபடி.
மறுபடி.

காட்டச் சொன்னேன்.
கிண்ணத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு
ஊறிய புளிக்கோது மாதிரி ஒன்று.
இதுவா?
நாங்கள் புடைத்து எறிகிற கல்
இதைவிடப் பெரிசு.

அப்போது குதிகாலில் ஆரம்பித்தது.
களத்து நெல்லில் முழுக்காலையும் புதைத்தது போல.
கத்தினேன்.
"வலிக்குதாம்மா?"
"சுடுது சார், சுடுது."
"சுடட்டும்" என்றார்,
தையல் போட்டுக்கொண்டே.

ராத்திரி கெண்டைக்கால் வீங்கியது.
ரெண்டு பக்கமும் கீறி விட்டார்கள்,
உள்ளே சதை நெரிந்து சாகாமல் இருக்க.
கால் தங்கியது.
சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும்
கறுத்தே நின்றுவிட்டன.
தவிட்டு ஒத்தடம் கொடுத்த ஒரு மணி நேரம்
அந்த ரெண்டில் இருக்கிறது.
லூர்துமேரியிடம் அதைச் சொல்லமாட்டேன்.

இப்போது மாத்திரை சாயங்காலம் ஆறு மணிக்கு.
ரத்தம் பார்க்க மாசம் ஒருதரம் காரைக்குடி பஸ்.
களத்தில் இறங்குவதில்லை, சாக்கு தைக்கிறேன்.

முழங்காலுக்கு மேலே அந்த 11.15
நாலு நாள் அழியவில்லை.
ஸ்பிரிட் பஞ்சோடு வந்தாள் நர்ஸ்.
இருக்கட்டும் என்றேன்.